சாடியில் விளைவது

"பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்கும் தாள்கள் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சில முறையாவது வந்துபோகும். கல்லூரிச் சேர்க்கைப் படிவம், வரன் பார்க்கக் கொடுக்கும் சுயவிவரம், வேலைக்கான விண்ணப்பம். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். என்னிடம் படித்த பெண்களில் பாதிப் பேராவது அந்த இடத்தில் 'சமையல்' என்று எழுதியிருப்பார்கள். அதே விடையை எழுதிய ஒரே ஒரு பையன் எனக்கு நினைவிருக்கிறான். அவன் பிறகு ஓட்டல் நிர்வாகம் படிக்கப் போய்விட்டான்.

என்னுடைய பொழுதுபோக்கு பீர் தயாரிப்பது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூரில் வசிக்கிறேன். இங்கே பீர், வைன் போன்றவற்றை வீட்டில் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்ச அளவு. சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கு அனுமதி கிடையாது. நான் ஒரு முறைக்குப் பத்து லிட்டர் செய்வேன், அதுவும் மாதம் தவறாமல் அல்ல. விடைத்தாள் திருத்தும் மாதங்களில் பாத்திரங்கள் பரணில் இருக்கும்.

இதைச் சொன்னதும் ஆண் நண்பர்கள் சிரித்துவிட்டு, "எப்ப வீட்டுக்கு வரலாம்?" என்பார்கள். பெண்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள்: "உங்க வீட்டுக்காரருக்காகவா?" எனக்கு விவாகரத்து ஆகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதைத் தெரிந்தவர்கள்கூட ஒரு நொடி யோசித்துவிட்டு, "அப்ப யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சமையலறையில் ஒரு பெண் ஐந்து மணி நேரம் நின்றால் அது யாரோ ஒருவருக்காக இருக்க வேண்டும் என்றுதான் நமக்குப் பழக்கம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்முறை. பத்து லிட்டர் பீருக்கு இரண்டரைக் கிலோ மால்ட் வேண்டும். மால்ட் என்றால் முளைகட்டி, காயவைத்து, சூடேற்றிய பார்லி. அதை நொய்போல உடைத்து, ஏறக்குறைய 66 டிகிரிச் சூட்டில் இருக்கும் நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுவேன். சூடு இறங்காமலிருக்கப் பாத்திரத்தைப் பழைய போர்வையால் சுற்றிவைப்பேன். முளையில் இருக்கும் நொதிகள் இந்த ஒரு மணி நேரத்தில் தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். 66 என்றால் 66தான். நாலைந்து டிகிரி கூடினால் பீர் கனமாகவும் இனிப்பாகவும் வரும். குறைந்தால் மெலிந்து வறண்டு வரும். வடிகட்டிய இனிப்பு நீரை ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. பீர் கெடாமல் காப்பதும் அதுதான். பிறகு விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, காற்றுப் போகாமல் மூடிவைத்தால் இரண்டு வாரம். புட்டியில் அடைக்கும்போது துளி சர்க்கரை; மூடிய புட்டிக்குள் நுரை உண்டாவது அதனால்தான். அதற்கு மேலும் இரண்டு வாரம்.

இதில் எனக்குப் புதிதாக இருந்தது ஹாப்ஸ் ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்தத் தமிழ்ச் சமையலறையிலும் வேறு பெயரில் இருக்கிறது. மாவு எப்போது பொங்கும், மழை நாளில் எவ்வளவு நேரம் கூடுதலாக ஆகும், எந்தப் பாத்திரத்தில் வைத்தால் வழியும் என்பதெல்லாம் பத்து வயதிலேயே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. கம்மங்கூழ் முதல் நாள் ஒரு ருசி, மறுநாள் ஒரு ருசி. நீராகாரம் எப்போது பதம், எப்போது கெட்டது என்று முகர்ந்தே சொல்வோம். நுண்ணுயிர்களோடு பழகும் இந்த அறிவுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. 'கைப்பக்குவம்' என்று சொல்லி முடித்துவிட்டோம்.

பீரில் எத்தனையோ வகைகள் இருப்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். ஊரில் பீர் என்றால் ஒன்றுதான்: மஞ்சள் நிறம், ஐஸ் குளிர்ச்சி. அது லாகர் வகை. லாகருக்கான ஈஸ்ட் பத்து டிகிரிக் குளிரில், மெதுவாக வேலை செய்யும். ஏல் வகையின் ஈஸ்ட்டுக்கு இருபது டிகிரி போதும். ஜெர்மனியின் தெற்கே செய்யும் கோதுமை பீரில் கிராம்பு மணமும் வாழைப்பழ மணமும் வரும். இரண்டையும் அதில் யாரும் சேர்ப்பதில்லை. அந்த ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. ஸ்டௌட் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் கருக வறுத்த பார்லி. காப்பிக்கொட்டை வறுக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். இந்தியா பேல் ஏல் என்று ஒன்று உண்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்காகக் கப்பலேற்றிய கசப்பு பீரிலிருந்து வந்த பெயர் அது.

சிங்கப்பூர் வீட்டில் வெக்கை தணிவது அபூர்வம். முதல் இரண்டு ஆண்டுகள் பழைய குளிர்பெட்டி ஒன்றை வாங்கி, அதில் வாளியை வைத்துச் செய்தேன். பிறகு பெல்ஜியத்து வலோனியப் பண்ணை வீடுகளின் சேசோன் வகைக்கு வந்தேன். அந்த ஈஸ்ட் வெக்கையைத் தாங்கும், மிளகு மணம் தரும். அதன் பிறகு நார்வேயின் மேற்குப் பகுதியிலிருந்து வரும் க்வைக் கிடைத்தது. அங்கே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஈஸ்ட் அது. பீர் செய்து முடித்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட்டை மரவளையத்திலோ துணியிலோ தடவிக் காயவைத்து, அடுத்த முறை எடுத்துக்கொள்வார்கள். கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். குளிர்நாட்டு ஈஸ்ட்டான அது முப்பத்தைந்து, நாற்பது டிகிரிச் சூட்டில் மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். ஆரஞ்சு மணம் வேறு. என் குளிர்பெட்டிக்கு அத்துடன் ஓய்வு. உறைமோருக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி வளர்ந்தவள் நான். இந்தப் பொழுதுபோக்கில் முதல் முறையாகச் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல் இருந்தது.

ஏனென்றால் அதுவரை நான் பார்த்த கூட்டம் வேறு. வீட்டில் பீர் செய்பவர்கள் அவ்வப்போது கூடி, புட்டிகளை மாற்றிக்கொண்டு ருசி பார்ப்பார்கள். நான் போன முதல் கூட்டத்தில் பதினெட்டுப் பேர். அதில் பெண்கள் இருவர். இன்னொரு பெண் தன் கணவரோடு வந்திருந்தார். ஸ்டீல் கொப்பரைகள், பம்புகள், சூட்டைக் கைப்பேசியில் காட்டும் கருவிகள் என்று பேச்சு ஓடியது. நான் ஒரு கேள்வி கேட்டபோது, என் பக்கத்தில் நின்ற, எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவரைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். பிறகு ஒரு புட்டியை எல்லோரும் மோந்து பார்த்து என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். "வெண்ணெய் உருக்கும் வாசனை" என்றேன். அது ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே குளிரவைத்ததால் வரும் குறை. அதற்கு வேதியியலில் ஒரு பெயர் உண்டு. பெயரை அவர்கள் சொன்னார்கள், வாசனையை நான் சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. "உங்களுக்கு நல்ல மூக்கு" என்றார் ஒருவர். முப்பது வருடம் நெய் உருக்கிய மூக்கு என்று நான் சொல்லவில்லை.

அந்த ஆண்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொப்பரையை ஏற்றிவிட்டு, மாலைவரை அதனோடு இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் சோறு யார் ஆக்குகிறார்கள் என்பது அவர்களுடைய குறிப்பேட்டில் இல்லை. பொழுதுபோக்கு என்பதே மிச்சமாகும் நேரம். அந்த நேரத்தை யாரோ ஒருவர் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்க வேண்டும்.

பீர் செய்வது ஆண்களின் வேலை என்ற எண்ணம் எப்படி வந்தது என்று தேடிப் போனால், கதை தலைகீழாக இருக்கிறது. சுமேரியர்களுக்குப் பீரின் கடவுள் ஒரு பெண்: நின்காசி. ஏறக்குறைய கிமு 1800இல் களிமண் பலகையில் எழுதப்பட்ட அவளுடைய துதியில் பீர் செய்யும் படிகளே வருகின்றன. பாபிலோனின் ஹம்முராபி சட்டத்தில் மதுக்கடை நடத்துபவர் பெண்பாலில்தான் குறிப்பிடப்படுகிறார். அளவில் ஏமாற்றினால் அவளைத் தண்ணீரில் எறிய வேண்டும் என்பது தண்டனை. கடை அவளுடையது, சட்டம் வேறொருவருடையது.

இங்கிலாந்தின் கதையை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1300இல் அங்கே ஏல் செய்து விற்றவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஹாப்ஸ் சேராத ஏல் சில நாளில் புளித்துவிடும், தொலைவுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒருத்தி, வீட்டுக்குச் செய்ததில் மிஞ்சியதை விற்றாள். மணமானவள், மணமாகாதவள், விதவை என்று எல்லோரும் செய்தார்கள். பெரிய முதல் வேண்டாம், இருக்கிற அண்டா போதும். பிறகு கடல் கடந்து ஹாப்ஸ் வந்தது. ஹாப்ஸ் சேர்த்த பீர் மாதக்கணக்கில் கெடாது. கெடாத பொருளைப் பெரிய அளவில் செய்யலாம், படைக்கு விற்கலாம், கப்பலில் ஏற்றலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், கடன் வேண்டும், தொழிற்சங்கத்தில் இடம் வேண்டும். இவை மூன்றும் பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1600க்குள் தொழில் ஆண்களின் கைக்குப் போய்விட்டது. யாரும் பெண்களை ஒரே நாளில் அடித்து விரட்டவில்லை. வேலை சிறிதாகவும் வருமானம் குறைவாகவும் இருந்தவரை அது அவர்களிடம் விடப்பட்டிருந்தது. லாபம் வந்ததும் கைமாறியது. பென்னட்டைப் படித்தபோது எனக்கு ஹாப்ஸ்மீது கொஞ்சம் கோபம்கூட வந்தது. பாவம், அது ஒரு கொடி.

தமிழில் இதைத் தேட எனக்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. என் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் பாணர்களுக்குக் கிடைக்கும் மதுவின் செய்முறை வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, அதில் அடை ஒன்றைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். கலக்கும் அடை பார்ப்பதற்குப் புற்றாஞ்சோறுபோல இருக்கும் என்று உவமை. நச்சினார்க்கினியர் அதை முளை என்றும், அதை இடித்துக் கலப்பது என்றும் உரை சொல்கிறார்.

அந்த உரையைப் பல ஆண்டு வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன். வீட்டில் பீர் செய்யத் தொடங்கிய பிறகு அதே பக்கத்தைத் திறந்தபோது அடுப்பு வெக்கை முகத்தில் அடித்தது. முளைத்த தானியம், வெந்த தானியம், ஆறவைத்தல், சாடி, காத்திருத்தல். களியை ஏன் ஆறவைக்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும்: கொதிக்கும் களியில் முளையைப் போட்டால் நொதிகள் செத்துவிடும். முளை எதற்கு என்பதும் தெரியும். பனையிலிருந்து இறங்கும் கள்ளில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது; அரிசியில் இல்லை, அதை முளைதான் உண்டாக்க வேண்டும். அரிசியில் செய்தாலும் இது பீரின் இனம்தான். 'விளைதல்' என்ற சொல்லைத்தான் அந்தப் பாட்டு இதற்குப் பயன்படுத்துகிறது, வயலில் பயிர் விளைவதுபோல. அதன் பிறகு நானும் பீர் காய்ச்சுகிறேன் என்று சொல்வதில்லை. சாடியில் விளைகிறது என்கிறேன்.

பாட்டில் ஒன்று மட்டும் இல்லை. அலைத்துப் பிழிந்த அந்த விரல்கள் யாருடையவை என்று அது சொல்லவில்லை. வகுப்பில் கேட்டால் மாணவிகள் உடனே, "பொம்பளைங்கதான் மேடம், வேற யாரு களி கிண்டுவாங்க?" என்பார்கள். சான்று கேட்பது என் வேலை, கேட்பேன். அகநானூற்றில், வாயகன்ற பானையை இடுப்பில் ஏந்தி வரும் அரியல் பெண்டிர் இருக்கிறார்கள் என்று ஒரு மாணவி அடுத்த வாரம் எடுத்துவந்தாள். சங்க ஔவையார் அதியமான் இறந்தபோது பாடிய கையறுநிலைப் பாட்டும் இருக்கிறது. கள் குறைவாக இருந்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நான் பாட அவன் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி அவர் அழுகிறார். ஆத்திசூடி ஔவையாரை மட்டும் அறிந்து வரும் மாணவர்கள் இந்த இடத்தில் நெளிவார்கள். ஒரு பெண் கவி, அரசனுக்குச் சமமாக உட்கார்ந்து, கலத்தைப் பகிர்ந்து, அதை நட்பின் அடையாளமாகப் பொதுவில் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதைப் பாடம் நடத்தும் பெண், தான் பீர் செய்வதை வகுப்பில் சொல்வதில்லை.

சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமில்லை. இந்தக் கட்டுரையைத் தமிழ்நாட்டில் படிக்கும் பெண்களுக்கு மது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். நான் தருமபுரிப் பக்கத்துக்காரி. சம்பள நாள் மாலையில் தெருவில் எந்த வீட்டு விளக்கு சீக்கிரம் அணைகிறது, எந்த வீட்டுக் குழந்தைகள் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவள். 1992இல் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது ஆந்திரா முழுக்கப் பரவி, அடுத்த ஆண்டே அங்கே சாராயம் தடைசெய்யப்பட்டது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்களுக்காகவே கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டிருந்தன. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று அவற்றை மூட வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. கடை முன்னால் உட்கார்ந்த பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. செய்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர், லாபம் பார்ப்பவர் ஒருவர், குடிப்பவர் ஒருவர் என்று பிரிந்த பிறகு பெண்ணுக்கு மிஞ்சியது ஒரே ஓர் இடம்: குடித்து வருபவனுக்குக் கதவைத் திறப்பவள். செய்முறை அவளிடமிருந்து போயிற்று, அளவும் போயிற்று, விளைவு மட்டும் தங்கிவிட்டது. பழைய காலத்துச் சாடி புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. சங்கப் பாட்டிலும் கள் குடித்துவிட்டுத்தான் ஆநிரை கவரப் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது செய்வது குற்றம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஊறல் போட்டதற்காகப் பிடிபட்ட பெண்களை எனக்குத் தெரியும். கணவனை இழந்தவர்கள், நிலமில்லாதவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். காவலர்கள் பானையை உடைத்து, அவர்களையும் ஜீப்பில் ஏற்றிப் போவார்கள். ஊர் அவர்களைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. கடல் தாண்டி, பேராசிரியர் வேலையில் இருந்துகொண்டு, நார்வே ஈஸ்ட்டை அஞ்சலில் வரவழைக்கும் எனக்கு அதே வேலை பொழுதுபோக்கு. நாடும் சம்பளமும் சாதியும் சேர்ந்துதான் இந்தச் சொல்லை எனக்குக் கொடுத்திருக்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா இரண்டு மாதம் என்னோடு வந்து தங்கினார். அம்மா பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா குடித்தார், அதிகம் விவரிக்கத் தேவையில்லை. அம்மா வருமுன் வாளியையும் புட்டிகளையும் ஒளித்துவைக்கலாமா என்று யோசித்தேன். அரிசிப் பானையிலும் கூரைச் சந்திலும் அப்பா ஒளித்ததையெல்லாம் தேடி எடுத்தவர் அவர். அவரிடம் நானும் ஒளிப்பது என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

அப்போது ராகியில் பீர் செய்து பார்க்கலாம் என்று இருந்தேன். இமயமலைப் பகுதியில் ராகியை நொதிக்கவைத்து மூங்கில் கலத்தில் குடிக்கும் வழக்கம் உண்டு. நான் ராகியை முளைகட்டி, பார்லி மால்ட்டோடு பாதிக்குப் பாதி சேர்க்கத் திட்டமிட்டிருந்தேன். துணியில் பரப்பி வைத்திருந்ததை அம்மா பார்த்தார்.

"இவ்ளோ மொளை விடக் கூடாதுடி. வெள்ளையா பல்லு எட்டிப் பாக்கும்போதே காய வெச்சிடணும். விட்டா இனிப்பு போயிடும்."

முளை நீள நீளத் தானியம் தன் சர்க்கரையைத் தானே தின்றுவிடும் என்று நான் ஒரு ஜெர்மானியர் எழுதிய கையேட்டில் படித்திருந்தேன். அம்மா கையேடு எதுவும் படிக்கவில்லை. முளைகட்டிய ராகிக்கூழ் ஏன் மற்றக் கூழைவிட இளகி வருகிறது, அதனால் குழந்தைக்கு ஒரே கிண்ணத்தில் எப்படிக் கூடுதல் மாவு கொடுக்க முடிகிறது என்பதை முப்பது ஆண்டுகள் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கூழை இளக்குவதும் என் பாத்திரத்தில் மாவைச் சர்க்கரையாக்குவதும் ஒரே நொதி. அம்மா அடுத்த கிலோவை அவரே ஊறவைத்து, மூட்டை கட்டி, பதம் பார்த்து, சன்னலோரம் காயவைத்தார். அது அத்தனை அழகாக வந்தது. பிறகுதான் எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். இரவு படுத்த பிறகு இருட்டில் கேட்டார்.

"அதுல போதை ஏறுமா?"

"ஏறும்மா."

"யாருக்கு ஊத்தப் போறே?"

"யாருக்கும் இல்லம்மா. எனக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்கப்பாவும் 'எனக்கு'ன்னுதான் சொன்னாரு" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இரண்டு ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். என்னுடைய வாதம் முழுவதும், ஒரு பெண் யாருக்காகவும் இல்லாமல் தனக்காக ஒன்றைச் செய்வது என்பதன்மீது நின்றது. அதே சொல்லைச் சொல்லித்தான் ஒரு மனிதர் எங்கள் வீட்டைக் குடித்தார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? அப்பாவின் 'எனக்கு' அம்மாவின் சம்பளத்தில் வந்தது. அம்மா ஆக்கிய சோற்றில், அம்மா கழுவிய தரையில் வந்தது. அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்குக் கணக்கே தேவைப்படவில்லை. நான் மால்ட் வாங்கும் பணம் என்னுடையது, செலவிடும் நேரத்தை யாரும் எனக்காக உழைத்து மிச்சப்படுத்தவில்லை, நான் குடித்தால் கதவைத் திறக்க யாரும் விழித்திருக்கவில்லை. குறிப்பேட்டில் செய்ததையும் குடித்ததையும் எழுதிவைக்கிறேன். இது போதுமான பதிலா என்றால், அம்மாவுக்குப் போதவில்லை. அவருக்குப் போதாத பதிலை நான் வேறு யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அதுதான் என் பதில்.

மறுநாள் காலையில் அம்மா, "அந்த மாவுல பாதி எடுத்து வை, கூழு காச்சணும்" என்றார். பாதி கூழாயிற்று, பாதி பீராயிற்று. கூழை இருவரும் குடித்தோம். பீர் தவிட்டு நிறத்தில், லேசான மண்வாசனையோடு, பின்நாக்கில் கொஞ்சம் புளிப்போடு வந்தது. ஒரு தம்ளரில் ஊற்றி மேசையில் வைத்தேன். அம்மா மோந்து பார்த்து, "நம்ம ராகிதான்" என்று சொன்னார். "எனக்கு வாணாம்" என்று தள்ளிவைத்தார். நான் அவர் எதிரில் குடிக்கவில்லை. அவர் ஊர் திரும்பும்வரை அந்தப் புட்டிகள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தன.

இப்போது எங்கள் கட்டடத்திலேயே இன்னொரு பெண்ணும் செய்கிறாள். கணக்கியல் படித்தவள், மதுரைப் பக்கம், முப்பது வயது. வாளி வாங்கிவிட்டாள், ஈஸ்ட்தான் இல்லை. நான் காயவைத்திருந்த க்வைக் துகள்களில் இரண்டு தேக்கரண்டி எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தேன். விளக்கு வைத்த பிறகு உறைமோர் தரக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சாத்திரம். அவள் வந்தபோது இரவு ஒன்பதரை. வாசலிலேயே பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஆரஞ்சுத் தோல் வாசனை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை யார் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே, தண்ணீர் 66 டிகிரி என்று சொல்லி அனுப்பினேன்.